துப்பாக்கி விளையாட்டும் நாற்பது கடந்த கண்ணும்

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் தேதி. பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடைபெற்ற, தலைநகருக்குத் தெற்கே இருக்கும் ஷாத்தோரூ நகரில், துருக்கி நாட்டவரான யூசுப் டிகெச் ஒரு கையைக் காற்சட்டைப் பையில் இட்டுக்கொண்டு மறு கையால் குறிபார்த்தார். அப்போது அவருக்கு வயது 51. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையர் பிரிவில் அவருடைய அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. அடுத்த சில மணி நேரத்தில் அவருடைய படம் உலகைச் சுற்றி வந்துவிட்டது. விசேட வில்லைகளோ கண் மறைப்புகளோ இல்லாமல், சாதாரண மூக்குக்கண்ணாடியுடன் வந்து வென்றுவிட்டார் என்பதே அந்தப் படத்துடன் பரவிய செய்தி. இரண்டு நாட்களுக்கு முன்னர் இதே நகரில் மகளிர் பிரிவில் வெள்ளி வென்ற தென்கொரியாவின் கிம் யெஜியின் படமும் உடன் பரவியது. ஒரு கண்ணின் முன்னே சிறு வட்ட வில்லையும் மறு கண்ணின் முன்னே மறைப்புமாக, அறிவியல் புனைகதைப் பாத்திரம் போல அவர் அதில் காட்சியளித்தார்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களில் பலர் எடுத்த முடிவு, கண்ணாடி என்பது வெறும் ஆடம்பரம், கைதேர்ந்தவனுக்கு அது தேவையில்லை என்பதாகும். இந்த முடிவு தவறானது. யூசுப் டிகெச் அணிந்திருக்காதது துப்பாக்கி சுடுவோருக்கென்று செய்யப்படும் சட்டகத்தையே தவிர, பார்வைத் திருத்தத்தை அல்ல. அவரும் கண்ணாடி அணிந்துதான் சுட்டார். சட்டகம் எந்த வடிவில் இருக்கிறது என்பதை விட, அதில் பொருத்திய வில்லை எந்தத் தூரத்தைத் தெளிவாகக் காட்டுகிறது என்பதே கேள்வி. சுடுகூடத்துக்குப் புதிதாகச் செல்லும் நடுவயதுக்காரர் தம் கண் மருத்துவரிடம் கேட்கத் தவறுகின்ற கேள்வியும் இதுவேதான்.

செவ்ரானும் புகையில்லா மருந்தும்

பாரிஸின் வடகிழக்குப் புறநகரான செவ்ரானில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. லாச்சப்பல் கடைத்தெருவுக்கு மரக்கறி வாங்கவோ, கோயிலுக்கோ செல்ல வேண்டுமானால் ஆர்.ஈ.ஆர். பி ரயிலில் ஏறினால் கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இளைஞர்களாக வந்து இறங்கியவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் தொட்டிருக்கிறார்கள். துப்பாக்கிச் சத்தத்திலிருந்து தப்பி வந்த ஒரு சமூகத்தில், துப்பாக்கியைப் பொழுதுபோக்காகக் கொள்வது எளிதான பேச்சல்ல. பிரான்சில் பிறந்த மகனோ மகளோ பள்ளித் தோழர்களுடன் சுடுகூடத்துக்குச் செல்லக் கேட்கும்போது, பெற்றோரின் முகத்தில் முதலில் தோன்றுவது விளையாட்டு சார்ந்த உணர்ச்சியாக இருப்பதில்லை. எனினும் காகித இலக்கைச் சுடுவது இந்நாட்டில் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட விளையாட்டு. பிள்ளைக்குத் துணையாக வந்து, பின்னர் தாமே கற்றுக்கொள்ள விரும்பும் பெற்றோரும் எல்லா விளையாட்டுகளையும் போலவே இதிலும் உண்டு.

செவ்ரானுக்கும் இந்த விளையாட்டுக்கும் பலர் அறியாத ஒரு பழந்தொடர்பு இருக்கிறது. இன்று குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உலாவச் செல்லும் பூத்ரெரி வனப் பூங்கா, 1973ஆம் ஆண்டு மூடப்படும் வரை ஒரு நூற்றாண்டுக் காலம் அரசாங்கத்தின் வெடிமருந்து ஆலையாக இருந்தது. நோபல் பரிசுகளை நிறுவிய ஆல்பிரட் நோபல் 1880களில் தமது ஆய்வுகூடத்தை வைத்திருந்ததும் செவ்ரானில்தான். பாலிஸ்டைட் எனப்படும் புகை குறைந்த வெடிமருந்தை அவர் 1887இல் உருவாக்கினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1884இல், பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்திருந்தார்.

இந்தக் கண்டுபிடிப்புகளின் இராணுவ விளைவுகள் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. கண்ணைப் பொறுத்தவரை நிகழ்ந்த மாற்றமோ அதிகம் பேசப்படுவதில்லை. பழைய கரிமருந்தில் முதல் வெடியுடன் சுடுபவர் முன்னே வெண்புகைத் திரை எழுந்துவிடும். அடுத்த வெடிக்குள் எதைப் பார்ப்பது என்பதே பிரச்சினை. புகை அகன்ற பின்னர், தொடர்ந்து ஒரே புள்ளியைக் குறிபார்க்க முடிந்தது. அன்று முதல் சுடுபவரின் திறமைக்கு எல்லை வகுத்தவற்றில் ஒன்றாக அவருடைய கண்ணும் சேர்ந்துகொண்டது.

காண முடியாத பத்து

பத்துப் புள்ளி என்பது எவ்வளவு பெரியது? 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. ஏர் ரைபிள் இலக்கில் அது வெறும் அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024இல் ஷாத்தோரூவில் சுட்டதும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதும் இந்த ஏர் ரைபிள் போட்டியில்தான்.

குறைபாடற்ற கண் என்று மருத்துவர் சான்று தரும் கண், 10 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் பிரித்தறியும். அரை மில்லிமீட்டர்ப் புள்ளி அதில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே ஏர் ரைபிள் வீரர் எவரும் தாம் சுடும் பத்தைக் காண்பதில்லை. அவர் காண்பது 30.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வட்டத்தை மட்டுமே. அதன் நடுவே துப்பாக்கியை நிறுத்தினால் பத்து தானாகவே அங்கே இருக்கும்.

இலக்கை உற்று நோக்கியே வெல்ல வேண்டும் என்ற எண்ணம் தமிழர் மனத்தில் ஆழப் பதிந்தது. மரத்திலிருக்கும் பறவையின் கண் ஒன்றே தெரிகிறது, கிளையோ இலையோ தெரியவில்லை என்று துரோணரிடம் சொன்ன அர்ச்சுனனின் கதையைப் பள்ளியில் கேளாதவர் இல்லை. மனத்தை ஒருமுகப்படுத்தும் பாடமாக அந்தக் கதை சிறந்தது. கைத்துப்பாக்கி சுடுவோருக்குப் பயிற்சியாளர்கள் சொல்வதோ இதற்கு நேர்மாறானது: இலக்கு மங்கலாகட்டும், குழலின் முனையைப் பார்.

காரணம் எளிய கணக்கு. குழலின் முனையில் நிற்கும் சிறு கறுப்புத் துண்டு முன்குறி எனவும், கைப்பிடிக்கு மேலே அதைத் தன் நடுப்பிளவில் தாங்கும் துண்டு பின்குறி எனவும் இங்கு அழைக்கப்படுகின்றன. ஏர் பிஸ்டலில் இரண்டுக்கும் இடையிலான தூரம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். கை முழுவதும் ஒரே சீராக 3 மில்லிமீட்டர் ஆடினால் குண்டும் 3 மில்லிமீட்டர்தான் விலகும். பத்து பத்தாகவே இருக்கும். ஆனால் பின்குறியின் பிளவுக்குள் முன்குறி 1 மில்லிமீட்டர் மட்டும் ஒரு பக்கம் ஒதுங்கினால், 10 மீட்டருக்கு அப்பால் அந்தத் தவறு 30 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். பத்து ஏழாகிவிடும். இலக்கின் விளிம்பு சற்று மங்கினாலும் அதன் நடுவைக் கண் மதிப்பிட்டுக்கொள்ளும். முன்குறியின் விளிம்பு மங்கினாலோ மதிப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

அர்ச்சுனன் வழி முற்றிலும் பொருந்தும் பிரிவு ஒன்றும் உண்டு. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் போட்டியில், பார்வை தட்டின் மீதே இருக்க வேண்டும், குழலின் மீது இருக்கக் கூடாது. புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபினரான பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்றது இந்தப் பிரிவில். அவர்களுக்கு வேண்டியது இரு கண்களுக்குமான துல்லியமான தூரப்பார்வைத் திருத்தம். கைத்துப்பாக்கிக்காரருக்கு அதே கண்ணாடி உதவாது.

ஒரு மீட்டர் எனும் சிக்கல்

கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தையே கூர்மையாகக் காணும். இளமையில் உள்வில்லை மிருதுவாக இருப்பதால் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் நொடியில் மாறிக்கொள்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிவதான மயக்கம் ஏற்படுகிறது. நாற்பதைக் கடந்ததும் அந்த வில்லை இறுகத் தொடங்குகிறது. ஊரில் இதனை வெள்ளெழுத்து என்றனர். பத்திரிகையை எட்டப் பிடித்து வாசிக்கும் பழக்கமே அதன் முதல் அறிகுறி.

கண்ணாடிக் கடையில் அளக்கப்படுவது இரண்டு தூரங்கள். ஒன்று சுவரிலுள்ள எழுத்துப் பலகை. மற்றது கையிலுள்ள வாசிப்பு அட்டை, ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். முன்குறியோ கையை நீட்டிய நிலையில் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில் நிற்கிறது. அதாவது, அளக்கப்படும் இரண்டு தூரங்களுக்கும் இடையிலுள்ள, எவரும் அளக்காத வெளியில்.

வில்லையின் வலு டயாப்டர் என்ற அலகில் சொல்லப்படுகிறது. ஒன்றை மீட்டர்க் கணக்கிலான தூரத்தால் வகுத்தால் வருவது அது. ஒரு மீட்டருக்கு 1. அரை மீட்டருக்கு 2. 10 மீட்டருக்கு 0.1. ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் வாசிப்புக் கண்ணாடியில் தூரப்பார்வைக்கு மேலாகச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் +2 அளவில் இருக்கும். அதை அணிந்து ஏர் பிஸ்டலைத் தூக்கினால் கூர்மை அரை மீட்டரில் விழும். பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றுமே மங்கும். தூரக் கண்ணாடியுடன் சென்றால் இலக்கு பளிச்சென்று தெரியும். முன்குறிக்காகக் கண் தசைகள் இடைவிடாது முயல வேண்டியிருக்கும். போட்டியில் 60 சூடுகள், அவற்றுக்கு 75 நிமிடங்கள். முதல் இருபது சூடுகள் நன்றாக விழுந்து, பின்னர் சிதறத் தொடங்கினால், கை தளர்ந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முதலில் தளர்ந்தது கண்ணாகவும் இருக்கலாம்.

அப்படியானால் முன்குறிக்கு நேராக +1 சேர்ப்பதா? சேர்க்கலாம், முன்குறி கத்தி முனை போலத் தெரியும். ஆனால் இலக்கு பஞ்சுப் பொதியாகிவிடலாம். ஒரு மீட்டருக்கான 1 என்பதற்கும் 10 மீட்டருக்கான 0.1 என்பதற்கும் நடுவே நிற்பது ஏறக்குறைய 0.5. ஆகவே தூரத் திருத்தத்துடன் +0.50 சேர்ப்பதைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, முன்குறி போதிய கூர்மை அடையும் வரை +0.75 வரையோ சற்று மேலேயோ நகர்வது வழக்கம். மைனஸ் 3 கிட்டப்பார்வை உடையவர் சுடுவதற்கு அணிய வேண்டியது மைனஸ் 2.50 அல்லது மைனஸ் 2.25 என்றாகும். இந்தக் கால் டயாப்டர்களுக்கு வீதியில் நடப்பவர் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. சுடுகூடத்தில் அது எட்டுக்கும் பத்துக்கும் உள்ள வேறுபாடாகலாம்.

இயற்கையாகவே மைனஸ் அரை முதல் மைனஸ் ஒன்று வரை சிறு கிட்டப்பார்வை உள்ளவருக்கு இது வேடிக்கையான அதிர்ஷ்டம். வாகனம் ஓட்டும்போது அணியும் கண்ணாடியைக் கழற்றி வைத்தாலே அவருடைய கண் முன்குறியின் அருகில் போய் நின்றுவிடும். ஆனால் வெற்றுக் கண்ணுடன் சுடலாகாது. சிதறித் திரும்பும் ஈயத் துணுக்குக்கு எதிராக, வலுவற்றதாயினும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

சீட்டில் சிலிண்டர் என்று எழுதப்படும் திருத்தத்தையும் விட்டுவிடக் கூடாது. கருவிழியின் வளைவு எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இல்லாதபோது, முன்குறியின் மேல்விளிம்பு தெளிவாகவும் பக்கவிளிம்புகள் நிழலாடியும், அல்லது மாறாகவும் தெரியும். பத்திரிகை வாசிப்பில் உறுத்தாத குறை இங்கு குண்டுகளை ஒரே திசையில் நீளவாக்கில் சிதறச் செய்யும். கடைகளில் தொங்கும் ஆயத்த வாசிப்புக் கண்ணாடிகளில் இந்தத் திருத்தம் கிடையாது. இரண்டு கண்களுக்கும் ஒரே வலுதான்.

வில்லை நிற்கும் இடம்

சரியான வலு கிடைத்தாலும், வில்லையின் எந்தப் பகுதி வழியாகக் கண் பார்க்கிறது என்பது அடுத்த பிரச்சினை. கைத்துப்பாக்கிக்காரர் தலையைத் திருப்பி நிற்கிறார். ரைபிள்காரர் கன்னத்தைக் கட்டையில் பதித்து, வில்லையின் மூக்கோரத்து மேல்மூலை வழியாகப் பார்க்கிறார். நடுவை விட்டு விலகிய பார்வையில், குறிப்பாக வலு மிகுந்த வில்லைகளில், உருவம் நகரும், நெளியும். பல தூரங்களை ஒரே வில்லையில் படிப்படியாக அடக்கிய ப்ரோக்ரெஸிவ் கண்ணாடிகள் இங்கே மிக மோசம். ஒரு மீட்டருக்கான பகுதி அவற்றில் நடுவில் ஒரு குறுகிய பாதையாக இருப்பதால், அதைத் தேடித் தலை ஒவ்வொரு சூட்டுக்கும் வெவ்வேறாக நிமிரும். தலை நிமிர்ந்தால் குறியும் மாறும்.

கிம் யெஜி அணிந்திருந்தது போன்ற சட்டகங்கள் இதற்காகவே வந்தவை. ஜெர்மனியின் க்னோப்லோக், சுவிட்சர்லாந்தின் சாம்பியன் முதலிய நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. ஒற்றை வட்ட வில்லையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தி, பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக நிறுத்தலாம். ஆடம்பரமாகத் தோன்றும் அந்தத் திருகுகளின் வேலை அவ்வளவே. மிதமான வலுவுள்ளவர், ஒற்றைத் தூர வில்லை பொருத்திய பெரிய சட்டகமொன்றை நேராக அணிந்தும் காரியத்தை முடித்துக்கொள்ளலாம்.

மறு கண்ணை என்ன செய்வது? அதை இறுக மூடினால் முகத்தசை முழுவதும் இழுபடும். கறுப்புத் துணியால் மறைத்தால் மூடிய கண்ணின் மணி விரியும். இரு கண்மணிகளும் சேர்ந்தே இயங்குபவை என்பதால் குறிபார்க்கும் கண்ணின் மணியும் சற்று விரியும். தெளிவின் ஆழம் குறையும். ஆகவே வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை மறைப்பே நல்லது. சர்வதேசப் போட்டி விதிகள் முன்மறைப்புக்கு 30 மில்லிமீட்டர் அகலம் வரை இடம் தருகின்றன. இதற்கெல்லாம் முன்னர் எந்தக் கண் ஆளும் கண் என்பதை அறிய வேண்டும். இரு கைகளாலும் சிறு துவாரம் அமைத்துத் தொலைவிலுள்ள பொருளைப் பார்த்து, கண்களை மாறி மாறி மூடினால் அது தெரிந்துவிடும். வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஆதிக்கமும் உள்ளவர்கள் அரிதல்ல. பல மாதப் பயிற்சிக்குப் பிறகு இதைக் கண்டுபிடித்துத் தலையில் கைவைப்பவர்களும் உண்டு.

ரைபிள்காரருக்கு மூப்பு சற்றுச் சலுகை காட்டுகிறது. அவருடைய பின்குறி ஒரு மில்லிமீட்டர் அளவிலான நுண்துளை. ஊசித்துளை வழியாகப் பார்க்கும்போது கண்ணாடி இல்லாமலே எழுத்து தெளிவது போல, முன்குறியும் இலக்கும் ஒருசேரத் தெளிகின்றன. கைத்துப்பாக்கியில் திறந்த குறிகளே அனுமதிக்கப்படுவதால், அதே உதவியைப் பெறுவதற்குக் கண்ணாடிச் சட்டகத்தில் சுருக்கி விரிக்கும் துளைத் தகடு ஒன்றைப் பொருத்துகிறார்கள். மிகவும் சுருக்கினால் இருள் சூழும், விளிம்புகளும் கலங்கும். குறைந்த வெளிச்சமுள்ள பழைய சுடுகூடங்களில் இது ஒரு கண்கட்டு வித்தையாகிவிடும்.

தொடுவில்லைகள் கண்ணோடு சேர்ந்து திரும்புவதால் நடுவை விட்டு விலகும் பிரச்சினை இல்லை. ஆனால் இமைக்காமல் உற்றுப் பார்க்கும் விளையாட்டில் கண் வறண்டு அவை மங்குகின்றன. லேசர் அறுவைச் சிகிச்சையை இந்த விளையாட்டுக்காக மட்டும் செய்துகொள்வது விவேகமாகத் தோன்றவில்லை. அது தூரத்தைத் தெளிவாக்கும், வெள்ளெழுத்தை நிறுத்தாது, முன்பு கண்ணாடியைக் கழற்றி முன்குறியைக் கண்டவரிடமிருந்து அந்த வசதியையும் பறித்துவிடும். கண்புரைக்காகச் செயற்கை வில்லை பொருத்தவிருப்பவர், தாம் துப்பாக்கி சுடுபவர் என்பதை அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் சொல்வது அவசியம். பல தூரங்களுக்குமான வில்லைகள் அன்றாட வாழ்வில் வசதியானவை. ஆனால் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைச் சற்றுக் குறைத்துக் காட்டுபவை. பொருத்தியபின் மாற்றுவது சுலபமல்ல.

கண்ணாடி தீர்க்காத மங்கல்

செவ்ரானிலும் லாச்சப்பலிலும் இந்தப் பேச்சுக்கு மற்றொரு கோணம் உண்டு. மேலே சொன்ன எல்லாவற்றையும் விட அது பாரதூரமானது. தெற்காசிய வம்சாவளியினரிடம் நீரிழிவு நோய் ஐரோப்பியரை விட அதிகமாகவும் இளவயதிலும் காணப்படுகிறது. குருதியில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் உள்வில்லையிலும் மாற்றம் ஏற்பட்டு, பார்வையின் வலு தற்காலிகமாக மாறும். சென்ற வாரம் தெளிவாக இருந்த முன்குறி இந்த வாரம் மங்குகிறது. புதிய வில்லை வாங்கினால் அடுத்த மாதம் அதுவும் ஒத்துவருவதில்லை.

ஒரு சிறு கறுப்புத் துண்டை ஒவ்வொரு வாரமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் உற்றுப் பார்க்கும் ஒருவர், தம்மை அறியாமலே தம் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார் எனலாம். மங்கல் ஏறி இறங்கினால் அவர் செல்ல வேண்டிய முதலிடம் கண்ணாடிக் கடை அல்ல, இரத்தப் பரிசோதனைக் கூடம். சர்க்கரை கட்டுப்பாட்டுக்கு வந்து சில வாரங்கள் சென்ற பின்னரே கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும். நேர்கோடு வளைந்து தெரிவது, பார்வையின் நடுவே கறை தெரிவது, திடீரெனக் கரும்புள்ளிகள் மிதப்பது ஆகியவை விழித்திரை சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம். அவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் சேதமோ நெடுங்காலம் எந்த அறிகுறியும் இல்லாமலே வளரும். எனவே, நன்றாகத் தெரிகிறது என்பதைக் காரணம் காட்டி வருடாந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

சுடும் கழகத்தில் சேர்வதற்கு மருத்துவச் சான்று கேட்கப்படுகிறதே, அதில் இவை தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். அந்தச் சான்று, இந்த விளையாட்டில் ஈடுபடத் தடை எதுவும் காணப்படவில்லை என்ற அளவிலானது. விழித்திரையைப் பார்த்து எழுதப்படும் அறிக்கைக்கு அது ஈடாகாது.

மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய எண்

பிரான்சில் 42 வயதைக் கடந்தோரின் கண்ணாடிச் சீட்டு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். 16 முதல் 42 வயது வரையானோருக்கு ஐந்து ஆண்டுகள். மருத்துவர் ஆட்சேபம் எழுதாத வரையில், கண்ணாடியைப் புதுப்பிக்கும்போது கடையிலுள்ள கண்ணாடி நிபுணரே மீண்டும் அளந்து வலுவைச் சரிசெய்யலாம். பெரியவர்களுக்குச் சமூகக் காப்புறுதியின் கொடுப்பனவு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். அந்த உரிமையைச் சுடுகூடக் கண்ணாடியில் செலவிட்டுவிட்டு, வேலைக்கும் வாகனத்துக்குமான கண்ணாடிக்குக் கைக்காசு கொடுப்பது நல்ல வரவுசெலவுத் திட்டமல்ல. 2020 முதல் நடைமுறையிலுள்ள முழுக் கொடுப்பனவுத் திட்டத்தில் அன்றாடக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, விளையாட்டு வில்லையைத் தனிச் செலவாகக் கொள்வதே பலருக்கும் கட்டுபடியாகும். விலையுயர்ந்த சட்டகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மருத்துவரின் அறைக்குத் துப்பாக்கியைக் கொண்டுசெல்ல வேண்டாம். நியாயமான காரணமின்றி ஆயுதத்தை எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். காரணம் இருந்தாலும், காத்திருப்போர் கூடத்தில் அதை விளக்கிக்கொண்டிருக்கும் நிலை எவருக்கும் வேண்டாம். கொண்டுசெல்ல வேண்டியது ஓர் எண். கழகத்தில், வெற்றுத் துப்பாக்கியுடன், பயிற்சியாளரின் கண்முன்னே, சுடும் நிலையில் நின்றுகொண்டு, கண்ணின் ஓரத்திலிருந்து முன்குறி வரையிலான தூரத்தை மற்றொருவரைக் கொண்டு அளவுநாடாவால் எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும். 94 சென்டிமீட்டரோ 102 சென்டிமீட்டரோ, உயரத்தையும் கையின் நீளத்தையும் பொறுத்து அது மாறும். கணவருக்கு எடுத்த அளவு மனைவிக்குப் பொருந்தாது. ‘இந்தத் தூரத்தில் ஒரு கறுப்புப் பட்டையின் விளிம்பு தெளிவாக வேண்டும், 10 மீட்டரில் ஒரு கறுப்பு வட்டம் வட்டமாகத் தெரிந்தால் போதும்’ என்று சொன்னால், துப்பாக்கியையே கண்டிராத மருத்துவருக்கும் விளங்கிவிடும்.

கடையில், வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகும் சோதனைச் சட்டகத்தை அணியத் தருவார்கள். பலர் அதை அணிந்தபடி சுவரிலுள்ள எழுத்துக்களை மட்டும் வாசித்துவிட்டுத் திரும்புகிறார்கள். வீட்டிலிருந்து ஓர் ஒரு மீட்டர் மரத்தடியின் நுனியில் சிறு கறுப்புக் காகிதத் துண்டை ஒட்டி எடுத்துச் சென்றால் அதுவே முன்குறியாகிவிடும். போபூர் சென் தெனி வீதியிலுள்ள கடைகளில் பத்து மீட்டர் நீளமான கூடம் கிடைப்பது கடினம். நிபுணரின் அனுமதியுடன் வாசலுக்கு வந்து, தடியைக் கண்மட்டத்தில் நீட்டி, எதிர்ப்பக்கக் கடைப் பலகையிலுள்ள தமிழ் எழுத்தொன்றின் சுழியை இலக்காக வைத்துக்கொள்ளலாம். முதலில் +0.50, பின்னர் +0.75, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடமாவது கொடுக்க வேண்டும். காகிதத் துண்டின் இரு விளிம்புகளும் அசையாமல் கறுத்து நின்று, எதிரே சுழி சற்றே பூத்திருந்தாலும் உருக்குலையாமல் தெரிகின்ற வில்லை எதுவோ, அதைச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும்.